கடைப்பலகையிலிருந்து வாக்குச்சீட்டு வரை: தமிழில் குடும்பப்பெயர் உருவாதல் குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப்பெயர் தமிழர் பெயர் மரபில் பெருவழக்காக இல்லை. சாதிப் பின்னொட்டு நீங்கியபின் வெறுமையாகிய பெயரின் இறுதியிடத்தில், தந்தையின் இயற்பெயர் இன்று வந்து அமர்கிறது. இம்மாற்றம் தேசிய அரசியலில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் அதன் வடிவம் அதற்கு முன்பே சில்லறை வணிகத்தின் கடைப்பலகையில் உருவாகியிருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. குசராத்தியப் பெயர்களான காந்தி, மோடி ஆகியவற்றோடும் சங்கப் புலவர் பெயர்களோடும் ஒப்பிட்டு, கன்னியாகுமரி மாவட்டத்து அரசியல் குடும்பம் ஒன்றின் பெயர்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப்பெயர், முதலெழுத்து, விலாசம், கடைப்பெயர், சாதிப் பின்னொட்டு, பெயராய்வு

1. முன்னுரை

2021ஆம் ஆண்டு கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு நடைபெற்ற இடைத்தேர்தலில் வென்றவரின் பெயர், தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியலில் ‘விஜயகுமார் (எ) விஜய் வசந்த்’ என்னும் பொருள்பட இடம்பெற்றது. அவருடைய தந்தை எச். வசந்தகுமார், ‘வசந்த் அன் கோ’ என்னும் வீட்டு உபயோகப் பொருள் விற்பனை நிறுவனத்தை 1978இல் தொடங்கியவர்; 2019இல் அத்தொகுதியின் உறுப்பினரானவர்; 2020 ஆகஸ்டில் மறைந்தவர்.

இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். தமிழ் வழக்குப்படி மகன் ‘வ. விஜயகுமார்’ ஆவார்; தந்தையின் பெயரை முழுமையாக இறுதியில் சேர்ப்பின் ‘விஜய் வசந்தகுமார்’ ஆவார். வாக்குச்சீட்டுக்கு வந்த வடிவமோ இவ்விரண்டும் அன்று. ‘வசந்த்’ என்பது தந்தையின் பெயரைக் கடைப்பலகை சுருக்கிய வடிவம். மகன் திரைப்படங்களில் நடித்த காலத்திலிருந்தே இப்பெயரால் அறியப்பட்டவர் என்பதால், இதனைத் தேர்தலுக்கெனச் செய்துகொண்ட மாற்றம் எனக் கொள்ள இயலாது. தந்தையின் பெயர் பலகையில் ஏறிச் சுருங்கி, அச்சுருக்கம் மகனுடைய பெயரின் இறுதியுறுப்பாகி, அதுவே நாடாளுமன்றப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. ‘எ’ என்னும் அவ்வோரெழுத்து கடந்துவந்த தொலைவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. பெயராய்வில் கேட்கப்படாத வினா

தமிழில் மக்கட்பெயர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு வினாக்களை எழுப்பிவந்துள்ளன. ஒன்று, பெயரின் பொருள் என்ன என்பது. மற்றொன்று, பெயர் எம்மொழியிலிருந்து, எச்சமயத்திலிருந்து, எவ்வியக்கத்திலிருந்து வந்தது என்பது. தெய்வப்பெயர், தலைவர் பெயர், தனித்தமிழ்ப் பெயர் என்னும் பகுப்புகள் இவ்வினாக்களின் விளைவே. இவை பயனுடையன. எனினும் ‘இப்பெயர் அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா? செல்லின் எவ்வடிவில் செல்லும்?’ என்னும் மூன்றாவது வினா போதிய கவனம் பெறவில்லை. தமிழில் குடும்பப்பெயர் இல்லை என்னும் பொதுக்கருத்தே இதற்குக் காரணமாகலாம். இல்லாத ஒன்று எவ்வாறு கைமாறுகிறது என்று எவரும் வினவுவதில்லை.

இதற்கு மறுபுறத்தில் ‘வாரிசு அரசியல்’ குறித்த இதழியல் எழுத்துகள் உள்ளன. அவை கைமாறுதலை மட்டுமே நோக்குகின்றன. பெயரின் வடிவத்தை நோக்குவதில்லை. வடநாட்டுக் குடும்பப்பெயரையும் தமிழ்நாட்டுத் தந்தைபெயரையும் ஒரே அளவுகோலால் அளக்கின்றன. பெயராய்வு கைமாறுதலைக் காணவில்லை. அரசியல் விமர்சனம் வடிவத்தைக் காணவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் ‘விஜய் வசந்த்’, ‘உதயநிதி ஸ்டாலின்’, ‘துரை வைகோ’ முதலிய பெயர்கள் உருவாகியுள்ளன.

3. கூலவாணிகனும் மோடியும்

இந்தியத் தேசிய அரசியலில் மிகுதியும் ஒலிக்கும் இரு குடும்பப்பெயர்கள் சில்லறைக் கடையிலிருந்து வந்தவை. ‘காந்தி’ என்னும் சொல் நறுமணப் பொருள் விற்பவரையும், குசராத்தி வழக்கில் பலசரக்கு விற்பவரையும் குறிக்கும். தம் முன்னோர் தொடக்கத்தில் பலசரக்கு வணிகராக இருந்திருக்கக்கூடும் என்று மோகன்தாஸ் காந்தி தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பாட்டனார் காலம் முதல் அக்குடும்பத்தினர் கத்தியவார் சமஸ்தானங்களில் திவான்களாகப் பணியாற்றியதையும் அங்கேயே கூறுகிறார். தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. ‘மோடி’ என்பதும் மளிகைப் பொருள் வழங்குபவரைக் குறிக்கும் சொல்லே. சுல்தான்பூர் லோதியில் குருநானக் பணிபுரிந்ததாகச் சீக்கிய மரபு கூறும் பண்டகசாலையின் பெயர் ‘மோதிகானா’ என்பது இச்சொல்லின் பழைய பொருளுக்குச் சான்று. இன்று இப்பெயரைப் பல்வேறு சாதியினரும் பார்சிகளும் கொண்டுள்ளனர். நரேந்திர மோடியின் குடும்பம் சார்ந்த கான்சி சமூகத்தின் மரபுத்தொழில் எண்ணெய் ஆட்டுதலேயன்றி மளிகை வணிகம் அன்று.

குடும்பப்பெயரின் இயல்பை இவ்விரு சான்றுகளும் தெளிவாக்குகின்றன. அது தொழிலிலிருந்து தோன்றி, தொழிலைவிட்டு நீங்கியபின்னும் வாழ்கிறது; குருதியுறவு இல்லாதோரையும் ஒரே பெயருக்குள் கொண்டுவருகிறது. 1942இல் இந்திரா நேருவை மணந்த பெரோஸ் ஒரு பார்சி. மோகன்தாஸ் காந்தியின் உறவினர் அல்லர். ஆயினும் அவர்வழி வந்த ‘காந்தி’ என்னும் பெயர் தேர்தல் மேடையில் இரு வரலாறுகளையும் ஒருசேர எழுப்பும் ஆற்றல் பெற்றது.

இப்பெயர்களின் எல்லை நீதிமன்றத்திலும் வினாவாயிற்று. 2019 ஏப்ரலில் கோலாரில் ‘மோடி’ என்னும் பெயர் குறித்து ராகுல் காந்தி ஆற்றிய உரைக்காகச் சூரத் நீதிமன்றம் 2023 மார்ச் 23 அன்று அவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மறுநாள் அவர் மக்களவை உறுப்பினர் தகுதியை இழந்தார். 2023 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்ததைத் தொடர்ந்து ஆகஸ்ட் 7 அன்று மீண்டும் உறுப்பினரானார். ‘மோடி’ என்பது வரையறுக்கத்தக்க ஒரு சமூகத்தைக் குறிக்கிறதா, பலரும் கொண்டுள்ள வெறும் பெயரா என்பது அவ்வழக்கின் வாதங்களுள் ஒன்று. மளிகைக் கடைக்காரர் என்னும் பொருள் முற்றும் மறைந்த நிலையில், ஒரு பெயருக்காக மானநட்ட வழக்குத் தொடுக்க முடிந்திருக்கிறது.

தமிழில் இதற்கு இணையானது எது? மணிமேகலை ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கூலம் என்பது தானியம். எனவே கூலவாணிகன் ஏறத்தாழ மோடியே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் இளம்பொன் வாணிகனாரின் பெயர் பொன் வணிகத்தைச் சுட்டுவது. இப்பெயர்களில் ஊர், தொழில், இயற்பெயர் என்னும் வரிசை பெரிதும் காணப்படுகிறது. தமிழ்த் தொடரமைப்பில் அடை பெயருக்கு முன் நிற்கும். தொழிலும் இங்கு அடையாகவே நின்றது. அது அம்மனிதர் யார் என்பதை விளக்கியதேயன்றி, அவர் எக்குடியினர் என்பதைப் பின்வருவோர்க்கு எடுத்துச் செல்லும் நிலைத்த உறுப்பாகவில்லை. சிலப்பதிகாரத்தில் மாசாத்துவானின் மகன் கோவலன். மாநாய்கனின் மகள் கண்ணகி. தந்தையரின் பெயர்கள் பெருவணிகத்தைச் சுட்டுவன. மக்கள் பெயர்களில் அவற்றின் சுவடு இல்லை. தமிழிலும் குசராத்தியிலும் கடை இருந்தது. ஆனால் கடை பெயரின் எவ்விடத்தில் அமர்ந்தது என்பதில்தான் இரு மரபுகளும் வேறுபட்டன.

4. பின்னொட்டு நீங்கிய இடம்

சாதிப் பின்னொட்டுகளே இடைக்காலத்திலும் பிற்காலத்திலும் தமிழ்ப் பெயரின் இறுதியிடத்தைப் பெரிதும் நிறைத்தன. செட்டியார், பிள்ளை, முதலியார், நாடார், மூப்பனார் என்பன தலைமுறைதோறும் தொடர்ந்தனவாயினும் குடும்பத்தைக் குறிக்கவில்லை, சாதியைக் குறித்தன. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அம்மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னைத் தியாகராயநகரின் பெருங்கடைத்தெரு அவர் பெயராலேயே சௌந்தரபாண்டியனார் அங்காடி எனப்பட்டது; மக்கள் நாவில் அது ‘பாண்டி பஜார்’ ஆயிற்று. சாதிப்பட்டம் துறப்பதற்கான மாநாட்டை நடத்தியவரின் பெயரே கடைத்தெருவில் சுருங்கி நிலைபெற்றமை, பின்வரும் போக்கிற்கு ஒரு முன்மாதிரி போல அமைந்துள்ளது.

கடைப்பலகைகள் சாதிப் பின்னொட்டை உடனே விட்டுவிடவில்லை. 1928இல் தோன்றிய பட்டுக்கடையின் நிறுவனர் நல்லி சின்னசாமி செட்டி. அவர் பெயரனும் நல்லி குப்புசாமி செட்டி என்றே அறியப்படுகிறார். இங்கு ‘நல்லி’ பெயருக்கு முன்னே நிற்கும் குடும்பப்பெயர்; அதுவே கடையின் பெயராகவும் நிலைத்தது. ஆனால் இத்தகைய முன்னடைப் பெயர் இல்லாத குடும்பங்கள் வேறு வழிகளை நாடின. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, முதலெழுத்துகளையே பெயராக்குதல். 1924இல் திருநெல்வேலியில் கடை தொடங்கியவர் ஆர்.எம்.கே. விசுவநாத பிள்ளை. பிள்ளை நீங்கி, விசுவநாதனும் ஓரெழுத்தாகி, ‘ஆர்.எம்.கே.வி.’ எஞ்சியது. வி.ஜி. பன்னீர்தாஸ் தொடங்கிய நிறுவனம் ‘வி.ஜி.பி.’ ஆயிற்று. இதற்கு நகரத்தாரின் ‘விலாசம்’ ஒரு முன்னோடி எனலாம். தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, அக்கோவையையே பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் இயங்கிய தம் வட்டிக்கடைகளின் பெயராக அவர்கள் கொண்டனர். விலாசம் என்னும் சொல் முகவரியையும் குறிப்பது இங்கு நோக்கத்தக்கது. கடன் கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் அவ்வெழுத்துக் கோவையே ஆளைத் தேடிச்செல்லும் முகவரியாயிற்று.

இரண்டாவது, நிறுவனரின் இயற்பெயரைச் சுருக்கி நிலைப்படுத்தல். திருவில்லிபுத்தூர் போத்தி மூப்பனாரின் பெயரில் மூப்பனார் நீங்கி ‘போத்தி’ நின்று, பின் ‘போத்தீஸ்’ ஆயிற்று. வசந்தகுமார் ‘வசந்த்’ ஆனதும் இவ்வகையே. வசந்தகுமார் தம் நிறுவனத்தைத் தொடங்குமுன் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனைப் பணியாற்றியவர். முதலெழுத்து வழக்கிலிருந்து இயற்பெயர் வழக்கிற்கு நிகழ்ந்த மாற்றத்தை இங்கு ஒருவரின் வாழ்க்கையிலேயே காண்கிறோம்.

இவ்விரு வழிகளிலும் சாதிப் பின்னொட்டு விடப்பட்டது. ஒரு தனிமனிதரின் பெயர் அல்லது அதன் எழுத்து, அவருக்குப் பின்னும் வாழவேண்டிய பொதுப்பெயராக்கப்பட்டது. அதற்கான தேவை வணிகத்திலேயே உண்டு. வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடைக்காரர் தாம் செய்யாத பொருளை விற்கிறார். குளிர்பதனப் பெட்டியின்மேல் பொறித்திருப்பது வேறொரு நிறுவனத்தின் பெயர். அதைத் தவணைமுறையில் வாங்குபவர், பழுதானால் யாரிடம் செல்வது என்னும் வினாவிற்கு விடையாகக் கடையின் பெயரைத்தான் கொள்கிறார். அப்பெயர் உரிமையாளரின் ஆயுளோடு முடிந்துவிடக் கூடாது. முதலெழுத்து மட்டுமே கொண்ட தமிழ்ப்பெயர் மகனிடம் வரும்போது மாறிவிடும். பலகைக்கோ மாறாத பெயர் வேண்டும். எனவே பலகை தமிழர் பெயர் மரபில் இல்லாத ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

இதற்கு மாறான நிலையும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். சென்னையின் சிறு மளிகைக் கடைகள் உரிமையாளர் பெயரால் அறியப்படுவதைக் காட்டிலும் ‘அண்ணாச்சி கடை’ என்றே மிகுதியும் அறியப்படுகின்றன. குசராத்தில் மளிகைக்காரரின் தொழில் குடும்பப்பெயராயிற்று. சென்னையில் அது தென்மாவட்டத்து உறவுமுறைச் சொல்லாயிற்று. அண்ணாச்சி என்பதைப் பதிவுசெய்ய இயலாது. மகனுக்கு எழுதிவைக்கவும் இயலாது. கடைக்கு வருபவர் விளிக்கும்வரையில்தான் அது பெயர்.

5. ஒரு குடும்பம், நான்கு பெயர்கள்

வசந்தகுமாரின் குடும்பம் இவ்வாராய்ச்சிக்கு அரிய களமாகும். அவருடைய தமையனார் குமரி அனந்தன்; 1977இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குமரி அனந்தனின் மகள் தமிழிசை சௌந்தரராஜன். பாரதிய சனதாக் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவராகவும் 2019 முதல் 2024 வரை தெலங்கானா ஆளுநராகவும் விளங்கியவர். வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த், காங்கிரசு உறுப்பினர்.

தேசிய அரசியலில் இடம்பெற்ற இந்நால்வர்க்கும் பொதுவான குடும்பப்பெயர் இல்லை. ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு நெறியில் அமைந்துள்ளது. குமரி அனந்தன் என்பது ஊரும் இயற்பெயரும் இணைந்தது. மதுரைச் சாத்தனார் என்பதன் அதே அமைப்பு. எச். வசந்தகுமார் என்பது முதலெழுத்தும் இயற்பெயரும். தமிழிசை சௌந்தரராஜன் என்பது இயற்பெயரும் கணவர் பெயரும். விஜய் வசந்த் என்பது இயற்பெயரின் சுருக்கமும் கடைப்பெயராகிய தந்தைபெயரின் சுருக்கமும்.

வடநாட்டுக் குடும்பம் ஒன்றில் இந்நால்வரும் ஒரே இறுதிப்பெயரைக் கொண்டிருப்பின், அப்பெயர் இரு கட்சிகளிலும் பரவிய ஓர் அரசியல் குடும்பமாக உடனே அடையாளம் காணப்பட்டிருக்கும். தமிழ்ப்பெயர் அதனை மறைக்கிறது என்பதா, அல்லது ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிட வாய்ப்பளிக்கிறது என்பதா? இரண்டும் உண்மையே. தமிழிசையின் பெயரில் தந்தையின் அரசியல் ஒலிப்பதில்லை. அவர் தந்தையின் கட்சியிலிருந்து வேறுபட்ட வழியைத் தேர்ந்ததற்குப் பெயர் ஒரு தடையாக நிற்கவில்லை. விஜய் வசந்தின் பெயரிலோ தந்தையின் வணிகமும் அரசியலும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன. நால்வருள் கடைப்பலகையின் வழியாக வந்த பெயர் மட்டுமே தொடர்ச்சியைச் செவிக்குப் புலனாக்குகிறது. பெண்ணின் நிலையும் கவனிக்கத்தக்கது. பலகையில் ‘அண்டு சன்ஸ்’ என்னும் தொடர் பெருவழக்கு. மகளுக்கு அதில் இடமில்லை. பெயரிலும் மகள் கணவர்வழி சென்றமையால் தந்தையின் தொடர்ச்சி அங்கே அறுபடுகிறது.

6. முதலெழுத்திலிருந்து இறுதிப்பெயருக்கு

இப்போக்கு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. மு. கருணாநிதி, மு.க. ஸ்டாலின், உதயநிதி ஸ்டாலின் என்னும் மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசைப்படுத்துக. முதல் தலைமுறையில் தந்தை ஓரெழுத்து. இரண்டாவதில் பாட்டனும் தந்தையும் ஈரெழுத்து. மூன்றாவதில் எழுத்துகள் மறைந்து தந்தையின் பெயர் முழுதாக இறுதியில் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கனிமொழி என்றே அறியப்படுபவர் மக்களவைப் பட்டியலில் கனிமொழி கருணாநிதி. 2004இல் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற அன்புமணி ராமதாஸ், தயாநிதி மாறன் ஆகியோர் பெயர்களும், பின்வந்த கார்த்தி சிதம்பரத்தின் பெயரும் இவ்வகையின.

‘மாறன்’ என்பதைத் தனித்து நோக்கலாம். அது முரசொலி மாறன் தாமே ஏற்றுக்கொண்ட பெயர். ஒருவர் எழுத்துக்காகச் சூடிய பெயர், அடுத்த தலைமுறையில் ஒரு மகனுக்கு அமைச்சரவையிலும் மற்றொரு மகனுக்கு ஊடக வணிகத்திலும் குடும்பப்பெயராக நின்றது. ‘வைகோ’ இன்னும் நுட்பமானது. வை. கோபால்சாமி என்பதில் முதலெழுத்தும் இயற்பெயரின் தொடக்கமும் கூடி ஒரு பெயராயின. அக்கூட்டே 2024இல் திருச்சிராப்பள்ளியில் வென்ற மகன் துரை வைகோவின் இறுதிப்பெயர். ‘வை’ பாட்டனைக் குறிக்கும் எழுத்து ஆதலால், மூன்று தலைமுறைகள் இப்பெயருள் அடங்கியுள்ளன. நகரத்தார் விலாசத்தின் அமைப்பும் இதுவே.

பெயரின் வடிவம் ஒன்றாயினும் உள்ளமைப்பு வேறாகலாம் என்பதற்குச் சிறந்த சான்று ‘அருண் நேரு’. 1980களில் ரேபரேலித் தொகுதியின் உறுப்பினராகவும் ராஜீவ் காந்தி அரசில் அமைச்சராகவும் இருந்த அருண் நேரு, நேரு குடும்பத்தவர். நீர்க்கால்வாயைக் குறிக்கும் ‘நஹர்’ என்னும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென ஜவகர்லால் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். 2024இல் பெரம்பலூரில் வென்ற அருண் நேருவோ தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த கே.என். நேருவின் மகன். வடக்கில் கால்வாய் இடப்பெயராகி, இடப்பெயர் குடும்பப்பெயராயிற்று. தமிழகத்தில் அக்குடும்பப்பெயர் ஒருவருக்கு இயற்பெயராகி, அவ்வியற்பெயர் மகனுக்கு மீண்டும் இறுதிப்பெயராயிற்று. நாடாளுமன்றப் பதிவேட்டில் இரு பெயர்களும் ஓரினமாகத் தோன்றும். வரலாற்றில் அவை வெவ்வேறு.

7. சட்டம் காணும் பெயர்

கடையிலும் தேர்தலிலும் பெயரைச் சட்டம் வெவ்வேறாக நடத்துகிறது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் கடைப்பெயரைப் பதிவுசெய்து காக்கலாம். அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பெயரையோ தம் வணிக முன்னோரின் பெயரையோ நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை. ஆக, கடையில் பெயர் சொத்து; ஆயினும் பிறப்பால் அப்பெயர் உடையவர்க்கு ஒரு வாயில் திறந்துள்ளது.

தேர்தலில் பெயர் சொத்து அன்று. 2024இல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் போட்டியிட்டபோது அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறு சிலரும் களத்தில் நின்றனர். முதலெழுத்து ஒருவரைத் தந்தையோடு இணைக்கிறது. எத்தந்தை என்று கூறுவதில்லை. இத்தகைய பெயரொத்த வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தக் கோரிய மனுவை அதே ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெற்றோர் இட்ட பெயர் ஒருவரின் போட்டியிடும் உரிமைக்குத் தடையாகலாமா என்பது நீதிமன்றம் எழுப்பிய வினா. குழப்பத்தைக் குறைக்கவே 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் நிழற்படம் இடம்பெறுகிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளோ, பெயரொத்த வேட்பாளர்களைத் தொழிலாலோ வாழிடத்தாலோ பிற வகையாலோ வேறுபடுத்துமாறு கூறுகின்றன. ஊரும் தொழிலும் சேர்த்துச் சாத்தனார்களை வேறுபடுத்திய பழைய முறை இவ்விதியில் மீண்டும் தோன்றுகிறது. மேலும், மக்களிடையே அறியப்பட்ட பெயரை வேட்பாளர் பட்டியலில் இடம்பெறச் செய்யவும் அவ்விதிகள் வழிவகுக்கின்றன. ‘(எ)’ நுழைந்த வாயில் அதுவே.

8. ஒரு மறுப்பும் விடையும்

தந்தைபெயர் இறுதிப்பெயராவதற்குக் கடைப்பலகை காரணமன்று. கடவுச்சீட்டும் பன்னாட்டு நிறுவனங்களும் ‘இறுதிப்பெயர்’ கேட்பதே காரணம் என்று மறுக்கலாம். கடையும் கட்சியும் இல்லாத எண்ணற்ற குடும்பங்களில் இவ்வழக்குப் பரவியுள்ளமைக்கு இது சரியான விளக்கமே. ஆயினும் படிவம் கேட்பதனால் எழுதப்படும் பெயர் படிவத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. வேலூர் மக்களவை உறுப்பினர் து.மு. கதிர் ஆனந்த், தந்தை துரைமுருகனின் பெயரை ஈரெழுத்தாகவே கொண்டுள்ளார். தேசிய அரசியல் அவரை இறுதிப்பெயர் சூடுமாறு கட்டாயப்படுத்தவில்லை. எனவே வாக்குச்சீட்டில் தந்தைபெயரை முழுதாக நிறுத்துவது கட்டாயமன்று. அது ஒரு தேர்வு. நிறுவனர் மறைந்த பின்னும் நம்பிக்கை தொடரவேண்டும் என்னும் கடைப்பலகையின் தேவைக்கு அத்தேர்வு மிக நெருக்கமானது. கடைப்பலகை இம்மாற்றத்தின் ஒரே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. வடிவத்தை முதலில் வார்த்த இடம் அது என்பதே வாதம்.

9. முடிவுரை

சாதிப் பின்னொட்டைத் துறந்தமை தமிழ்ச் சமூகத்தின் பெரும் சமத்துவப் பேறுகளுள் ஒன்று. ‘தமிழர் பெயரில் சாதி இல்லை’ என்னும் பெருமிதம் பொருளுடையது. ஆனால் அப்பெருமிதம், ‘எனவே தமிழர் பெயரில் பிறப்புரிமையும் இல்லை’ என்னும் முடிவிற்கு நம்மை எளிதாக இட்டுச்சென்றது. மேற்காட்டிய சான்றுகள் அம்முடிவை ஐயுறச் செய்கின்றன. சாதி நீங்கிய இடம் வெற்றிடமாக நிற்கவில்லை. தந்தை அங்கு வந்தமர்ந்தார். முதலெழுத்தாக அடக்கத்தோடு முன்னே நின்றவர், இன்று முழுப்பெயராகப் பின்னே நிற்கிறார்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. சாதிப் பின்னொட்டு ஒருவர் பிறர்க்கு மேலானவரா கீழானவரா என்பதைப் பிறப்பிலேயே கூறிவிடும். தந்தைபெயர் ஒரு தனிமனிதரின் செயலை நினைவூட்டும். அந்நினைவு மங்கினால் அதன் ஆற்றலும் மங்கும். காந்தியும் மோடியும் தம் கடைகளை மறந்தபின்னும் வாழ்ந்த பெயர்கள். வசந்தும் வைகோவும் இன்னும் தம் நிறுவனர்களை மறவாத பெயர்கள். இவை நான்காம், ஐந்தாம் தலைமுறைக்கும் மாறாமல் செல்லுமாயின் அன்று அவை முழுமையான குடும்பப்பெயர்கள் ஆகும். அவ்வாறன்றி ஒவ்வொரு தலைமுறையும் தன் தந்தைபெயரைப் புதிதாக ஏற்குமாயின், தமிழ் முதலெழுத்து மரபே நீண்ட வடிவில் தொடர்கிறது எனக் கொள்ளவேண்டும். இவ்விரண்டில் எது நிகழும் என்பதை ‘உதயநிதி ஸ்டாலின்’, ‘விஜய் வசந்த்’ ஆகியோரின் அடுத்த தலைமுறையினர் பொதுவெளியில் எப்பெயரால் அறியப்படுகின்றனர் என்பதே காட்டும்.

ஆதலின் தமிழ்ப் பெயராய்வு, பெயரின் பொருளையும் மொழியையும் வகைப்படுத்துவதோடு அமையாது, பெயர் கைமாறும் முறையையும் பதிவுசெய்யத் தொடங்கவேண்டும். அதற்குரிய தரவுகள் இலக்கியத்தில் மட்டும் இல்லை. பழைய கடைப்பலகைகள், விலைச்சீட்டுகள், விலாசப் பட்டியல்கள், வேட்பாளர் பட்டியல்கள் ஆகியன ஆண்டுவாரியாகத் தொகுக்கப்படின், சாதி நீங்கிய காலத்தையும் தந்தை நுழைந்த காலத்தையும் ஊர்வாரியாக வரையறுக்க இயலும். பலகைகள் மாற்றப்படுந்தோறும் அச்சான்றுகள் அழிகின்றன என்பதால், இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.